ரெஸ்டோர் என்ற ஆங்கில வினைச்சொல்: பொருளும் பயன்பாடும்

ரெஸ்டோர் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, ரிப்பேர், ரெனொவேட், ரீஃபர்பிஷ் ஆகிய சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது, தமிழில் எழுதும்போது எல்லா இடத்திலும் ‘மீட்டெடு’ என்றே போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அகராதியைத் திறந்தால், பழைய நிலைக்குக் கொண்டுவா, திருப்பிக் கொடு, புதுப்பி, குணப்படுத்து, மீண்டும் பதவியில் அமர்த்து என்று நீண்ட வரிசை கிடைக்கும். அவ்வரிசையில் தவறில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்கள் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து குவிந்துவிட்டன என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் அவை அத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்துதான்.

ஒரு பொருளோ நிலையோ உரிமையோ முன்பு இருந்தது. இடையில் அது கெட்டது, குறைந்தது அல்லது இல்லாமற்போனது. இப்போது ஒருவர் அதை முன்பிருந்தபடி ஆக்குகிறார். இந்த மூன்றும் இருந்தால்தான் ரெஸ்டோர் என்ற சொல்லுக்கு இடமுண்டு. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு முதன்முறையாக மின்சாரம் கொடுப்பதை ஆங்கிலத்தில் யாரும் ரெஸ்டோர் என்று சொல்வதில்லை. அதே வீட்டில் புயலால் கம்பி அறுந்து, இரண்டு நாள் கழித்து மின்சாரம் வந்தால், பவர் ரெஸ்டோர் செய்யப்பட்டது என்பார்கள். இரண்டிலும் மின்வாரிய ஊழியர் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டாவதில் மட்டும், இழந்த ஒரு பழைய நிலை பின்னணியில் இருக்கிறது. ஆகவே இச்சொல்லை எங்கே பார்த்தாலும், எந்தப் பழைய நிலைக்கு என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆங்கில வாக்கியத்தில் அது வெளிப்படையாகச் சொல்லப்படாமல் போவதுண்டு. குழப்பங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்டோர் என்றால் சேமி, முன்னால் ரீ சேர்ந்ததால் மறுபடி சேமி என்று பொருள் என விளக்குவோர் உண்டு. கணினியோடு பழகியவர்களுக்கு இது நம்பத்தகுந்ததாகவே தோன்றும். ஆனால் இச்சொல் லத்தீனின் ரெஸ்டௌராரே என்ற வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. மீண்டும் எழுப்பு, செப்பனிடு, புத்துயிர் கொடு என்பவை அதன் பொருள்கள். ஸ்டோர் என்ற சொல் இன்ஸ்டௌராரே என்ற வேறொரு லத்தீன் வினையின் வழியில் வந்தது. இரண்டும் உறவுச் சொற்கள்தாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ரெஸ்டாரன்ட் என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அது தளர்ந்த உடலுக்குத் தெம்பூட்டும் ஒருவகைச் சாற்றின் பெயராக வழங்கி, பிறகு அதை விற்கும் இடத்துக்கு ஆகிவந்தது.

எந்த நிலைக்கு என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதைக் கணினியிலும் கைபேசியிலும் அன்றாடம் பார்க்கலாம். விண்டோஸில் அழித்த ஒரு ஃபைல் ரீசைக்கிள் பின்னில் கிடக்கிறது. அதன்மேல் வலது கிளிக் செய்து ரெஸ்டோர் என்பதை அழுத்தினால், அது நாம் இப்போது திறந்து வைத்திருக்கும் ஃபோல்டருக்கு வருவதில்லை. முன்பு எந்த ஃபோல்டரில் இருந்ததோ அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. திரை முழுவதும் விரிந்த ஒரு சாளரத்தின் மேல்மூலையில், மூன்று பொத்தான்களில் நடுவில் இருப்பதன்மீது சுட்டியை வைத்தால் ரெஸ்டோர் டவுன் என்று காட்டும். அதை அழுத்தினால் விரிவதற்கு முன்பு சாளரம் இருந்த அதே அளவுக்குத் திரும்பும். இவ்விரண்டும் சொல்லுக்கு மிக நேர்மையான பயன்பாடுகள்.

சிக்கல் ஐஃபோனில் இருக்கிறது. கைபேசியைக் கணினியோடு இணைத்தால், ரெஸ்டோர் ஐஃபோன் என்று ஒரு பொத்தானும், ரெஸ்டோர் பேக்கப் என்று மற்றொரு பொத்தானும் தோன்றும். முதலாவதை அழுத்தினால், கைபேசியில் உள்ள படங்கள், செய்திகள், அமைப்புகள் யாவும் அழிக்கப்பட்டு, மென்பொருள் புதிதாக நிறுவப்படும். அதாவது கைபேசி, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். இரண்டாவதை அழுத்தினால், முன்பு எடுத்து வைத்த நகலில் இருக்கும் தரவுகள் கைபேசிக்குள் வரும். ஒரே வினைச்சொல், ஒரே திரை. ஒன்று எல்லாவற்றையும் துடைக்கிறது, மற்றொன்று இழந்ததைக் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே இலக்கணப்படி சரியானவை, ஏனென்றால் இரண்டுமே ஒரு பழைய நிலைக்குத்தான் போகின்றன. வேறுபாடு, அந்தப் பழைய நிலை எது என்பதில் இருக்கிறது. போன படங்கள் திரும்ப வரும் என்று நம்பி முதலாவது பொத்தானை அழுத்துகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல்லின் பாதியை மட்டும் பொத்தானில் எழுதிவைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

தரவுத்தளத் துறையில் இச்சொல் இன்னும் நுட்பமாகக் கையாளப்படுகிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ரெஸ்டோர் என்பதும் ரெக்கவர் என்பதும் தனித்தனிக் கட்டளைகள். முன்பு எடுத்த நகலிலிருந்து கோப்புகளை அவற்றின் இடத்தில் கொண்டுவந்து வைப்பது ரெஸ்டோர். நகல் எடுத்த நேரத்துக்குப் பிறகு நடந்த மாற்றங்களைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றி, பழுது நேர்ந்த கணம்வரை கொண்டுவந்து சேர்ப்பது ரெக்கவர். ஞாயிற்றுக்கிழமை இரவு நகல் எடுத்து, புதன்கிழமை மதியம் வட்டு பழுதானால், முதல் கட்டளை நம்மை ஞாயிறு இரவுக்கு அழைத்துச் செல்லும். இரண்டாவது கட்டளைதான் புதன் மதியத்துக்கு இட்டுவரும். பொதுவழக்கில் இவ்விரு சொற்களும் இவ்வளவு கறாராகப் பிரிவதில்லை என்றாலும், ஒரு வேறுபாடு அங்கும் உண்டு: ரெக்கவர் என்பதற்கு எழுவாய் பெரும்பாலும் இழந்தவரே. நோயாளி தானே ரெக்கவர் ஆகிறார்; அவருடைய உடல்நலத்தை ரெஸ்டோர் செய்வது மருத்துவரோ மருந்தோ ஓய்வோ.

பழம்பொருள்களையும் கலைப்பொருள்களையும் பாதுகாக்கும் துறையில், எந்த நிலைக்கு என்ற கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான சண்டையாகவே இருக்கிறது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தை 19ஆம் நூற்றாண்டில் செப்பனிட்ட கட்டடக்கலைஞர் வியொலே லெ துக், ஒரு கட்டடத்தை ரெஸ்டோர் செய்வது என்பது, அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையான நிலைக்கு அதைக் கொண்டுவருவதாகக்கூட இருக்கலாம் என்று துணிந்து எழுதினார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் அதற்கு முன்பே, 1849இல், ரெஸ்டோரேஷன் என்பது தொடக்கம் முதல் முடிவுவரை பொய் என்று சாடியிருந்தார். இறந்தவரை எழுப்ப முடியாததுபோல, பழைய கட்டடத்தையும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அவர் வாதம். இருவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்; ஒருவர் அதில் ஒரு கலையைக் கண்டார், மற்றவர் ஓர் அழிவைக் கண்டார்.

நோத்ர தாமின் கதை அதோடு முடியவில்லை. இடைக்காலத்தில் அதன் கூரைமேல் இருந்த கூர்ங்கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்து எடுக்கப்பட்டது. 1859இல் வியொலே லெ துக் தம் சொந்த வடிவமைப்பில் வேறொரு கோபுரத்தை எழுப்பினார். 2019 ஏப்ரல் 15 அன்று மூண்ட தீயில் அது எரிந்து விழுந்தது. அதன் பிறகு, மறுபடி கட்டும்போது எதை முந்தைய நிலையாகக் கொள்வது, இக்காலத்துக்கு ஏற்ப ஒரு புதிய கோபுரம் வைக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. 2020 ஜூலையில், கடைசியாக அறியப்பட்ட நிலைக்கே திரும்புவது என்று முடிவாயிற்று. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அதாவது, 13ஆம் நூற்றாண்டின் கோபுரம் திரும்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் தம் கற்பனையில் வடித்த கோபுரம்தான் பழைய நிலை என்ற தகுதியைப் பெற்றுத் திரும்ப எழுந்தது. ரெஸ்டோர் செய்யப்பட்டது என்று செய்தித்தாள்கள் எழுதியது தவறே இல்லை; அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய தேர்வு ஒளிந்திருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இத்துறையில் இன்று பெரிதும் மதிக்கப்படும் ஆவணம் 1964இல் உருவான வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் ரெஸ்டோரேஷன் நின்றுவிட வேண்டும் என்று அது வரையறுக்கிறது. இழந்த பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும், அதேசமயம் மூலத்திலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ரோமில் 1939இல் நிறுவப்பட்ட மத்திய ரெஸ்டோரேஷன் நிறுவனம் அதற்கு முன்பே வகுத்த ஒரு முறையைப் பார்த்தால், அது நடக்கக் கூடியதே என்று விளங்கும். ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை, மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நீர்வண்ணத்தில் அருகருகே இழுத்து நிரப்புகிறார்கள். சில அடிகள் தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றுகலந்து, கிழிசல் தெரியாமல் ஓவியம் முழுமையாகத் தோன்றும். முகத்தை அருகே கொண்டுபோனால் கோடுகள் தெரிந்துவிடும், எது பழைய ஓவியரின் கை, எது நிரப்பியவரின் கை என்பதில் ஐயம் இராது. இத்தாலிய மொழியில் இதைத் ‘திரத்தேஜ்ஜியோ’ என்கிறார்கள். மிலானில் லியொனார்டோ டா வின்சி தீட்டிய கடைசி இராவுணவு ஓவியத்தில், 1999இல் முடிவுற்ற பணியின்போதும் இதே நோக்கம் வேறுவகையில் பின்பற்றப்பட்டது: முந்தைய நூற்றாண்டுகளில் திருத்தியவர்கள் மேலே பூசிய வண்ணங்களை நீக்கிவிட்டு, மூலம் அறவே இல்லாத இடங்களில் மங்கலான நீர்வண்ணம் மட்டும் இட்டார்கள்.

வினைச்சொல்லின் இலக்கணத்தில் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரெஸ்டோரேஷன் என்ற பெயர்ச்சொல் பணியைக் குறிக்கும். அது தோற்றாலும் அப்பெயர் பொருந்தும். ரெஸ்டோர்ட் என்று இறந்தகால வினையாகச் சொன்னால், பணி வெற்றி பெற்றது என்ற உறுதியும் சேர்ந்துவிடும். 2012இல் ஸ்பெயினின் போர்ஹா என்ற சிற்றூரில், தேவாலயச் சுவரில் இருந்த இயேசுவின் ஓவியம் ஒன்றை ஆர்வலர் ஒருவர் செப்பனிட முயன்று அடையாளமே தெரியாமல் ஆக்கிய செய்தி உலகெங்கும் பரவியது. கெட்டுப்போன ரெஸ்டோரேஷன் என்றுதான் ஆங்கிலச் செய்திகள் அதைக் குறித்தன. ஓவியம் ரெஸ்டோர் செய்யப்பட்டது என்று யாராவது எழுதியிருந்தால், அது நையாண்டியாகவே படிக்கப்பட்டிருக்கும்.

ஆட்சியும் சட்டமும் சார்ந்த பயன்பாடு சுவையானது, ஏனென்றால் அங்கே இச்சொல் காலத்தையே வளைக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸ் 1649இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார், முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1660இல் அவர் மகன் இரண்டாம் சார்ல்ஸை அழைத்து அரியணையில் அமர்த்தினார்கள். ஆங்கிலத்தில் அந்நிகழ்ச்சிக்கு, அடைமொழி எதுவும் இன்றி, ரெஸ்டோரேஷன் என்றே பெயர். அவர் திரும்பி வந்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களின் தலைப்பில், அவருடைய ஆட்சியின் 12ஆம் ஆண்டு என்று குறித்திருப்பதைக் காணலாம். தந்தை இறந்த நாள்முதலே மகன்தான் மன்னர், இடையில் குடியரசு இருந்தது கணக்கிலேயே வராது என்பது அதன் பொருள்.

பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்திலும் இதே தர்க்கத்தைக் காணலாம். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்துபோன ஒரு நிறுவனத்தை, உரிய நிபந்தனைகளின்பேரில் 6 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து மறுபடி பதிவேட்டில் ஏற்றலாம். அதற்கும் ரெஸ்டோரேஷன் என்றுதான் பெயர். அவ்வாறு ஏற்றப்பட்டால், அந்நிறுவனம் கலைக்கப்படாமல் தொடர்ந்து இருந்துவந்ததாகவே கருதப்படும் என்கிறது சட்டம். புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கினால் இந்தப் பயன் கிடைக்காது. ‘மீண்டும் பதிவு செய்தல்’ என்று தமிழில் எழுதினால் இந்த நுட்பம் நழுவிவிடும். ‘பதிவேட்டில் பழையபடி சேர்த்தல்’ என்பது கொஞ்சம் நெருங்கி வருகிறது.

வரலாற்றில் இச்சொல் எப்போதும் உண்மையைச் சொல்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் 1868இல் நடந்த மாற்றத்தை ஆங்கிலத்தில் மெய்ஜி ரெஸ்டோரேஷன் என்கிறார்கள். ராணுவ ஆட்சியாளர்களான ஷோகன்களிடம் இருந்த அதிகாரம் பேரரசருக்குத் திரும்பியது என்ற அறிவிப்பின் அடிப்படையில் வந்த பெயர் அது. ஆனால் அந்நிகழ்ச்சிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரில் உள்ள ‘இஷின்’ என்பதற்குப் புதுப்பித்தல் என்பதே பொருள். அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் ஜப்பானியப் பெயரே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது: 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன, 1872இல் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. புதியதைக் கொண்டுவருகிறவர்கள் பழையதைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொள்வது அரசியலில் அரிதல்ல. அரசியல் கட்டுரைகளில் ரெஸ்டோர் என்ற சொல் வரும்போது இதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் துறையிலும் இச்சொல் இப்போது மிகுதியாக வழங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளை இயற்கைச் சூழல் தொகுதிகளை ரெஸ்டோர் செய்வதற்கான காலமாக அறிவித்திருக்கிறது. மரம் நடுவதெல்லாம் இதில் அடங்கும் என்பது பலருடைய எண்ணம். காடாக இருந்து அழிந்த நிலத்தில், அங்கே வளர்ந்த மர வகைகளையே மீண்டும் வளர்ப்பது அடங்கும். இயல்பிலேயே புல்வெளியாக இருந்த நிலத்தில் மரக்கன்றுகளை நட்டு நிரப்புவது அடங்காது, ஏனெனில் அங்கே திரும்பிப் போவதற்குக் காடு என்ற பழைய நிலையே இருந்ததில்லை. பல் மருத்துவர்கள் சொத்தையை நீக்கிவிட்டுப் பல்லை அடைப்பதையும் ரெஸ்டோரேஷன் என்றே குறிக்கிறார்கள். அங்கே திரும்பி வருவது பல்லின் வடிவமும் மெல்லும் திறனும். போன எனாமல் திரும்பி வருவதில்லை.

மற்ற சொற்களோடு உள்ள வேறுபாட்டை இனிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரிப்பேர் என்றால் பழுது நீக்குவது. பொருள் மறுபடி வேலை செய்தால் போதும், எப்படித் தோற்றமளிக்கிறது என்பது கேள்வியில்லை. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு காரின் எஞ்சினில் இன்றைய உதிரிபாகத்தை மாட்டி ஓடவைத்தால் அது ரிப்பேர். அதே காலத்து உதிரிபாகத்தைத் தேடிப்பிடித்து, அதே நிறத்தில் வண்ணமடித்து, இருக்கைத் துணிவரை அன்றிருந்தபடி ஆக்கினால் ரெஸ்டோர். வெளித்தோற்றத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு உள்ளே நவீன எஞ்சினும் பிரேக்கும் பொருத்துவதற்கு ரெஸ்டோமாட் என்று கார் ஆர்வலர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ரெஸ்டோர் என்று மட்டும் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும் என்பதால்தான் அந்தப் பெயர் தேவைப்பட்டது.

ரெனொவேட் என்பதில் உள்ள லத்தீன் வேர் புதிது என்று பொருள்படுவது. பெரும்பாலும் கட்டடங்களுக்கே வரும். சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கினாலும் அது ரெனொவேட்தான், ரெஸ்டோர் ஆகாது. ரீஃபர்பிஷ் என்பதன் அடியில் இருக்கும் ஃபர்பிஷ் என்ற சொல், துருப்பிடித்த கவசங்களையும் வாள்களையும் தேய்த்து மெருகேற்றுவதைக் குறித்தது. இன்று ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பிய கைபேசியைச் சோதித்து, தேவையான பாகங்களை மாற்றி, துடைத்து, மறுபடி விற்பதற்கு அச்சொல் நிலைபெற்றுவிட்டது. மெருகேற்றுதல் என்ற பழம்பொருளின் சாயல் இன்னும் அதில் இருக்கிறது: பார்வைக்கும் பயன்பாட்டுக்கும் புதிதுபோல் இருந்தால் சரி, முதலில் பொருத்திய பாகங்களே உள்ளே இருக்க வேண்டும் என்பதில்லை.

உரியவரிடம் திருப்பித் தருவது என்ற பொருளில் ரெஸ்டோர் இன்று எழுத்துநடையில்தான் மிகுதி. பேச்சில் ரிட்டர்ன் என்றே சொல்லிவிடுவார்கள். இந்தப் பொருளுக்கான பெயர்ச்சொல்லும் வேறு: ரெஸ்டிட்யூஷன். காலனியக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொள்ளையடிக்கப்பட்ட பெனின் வெண்கலச் சிற்பங்களின் உரிமையை ஜெர்மனி 2022இல் நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்ததைப் பற்றி எழுதியவர்கள் ரெஸ்டிட்யூஷன் என்ற சொல்லையே கையாண்டார்கள். அதே இடத்தில் ரெஸ்டோரேஷன் என்று எழுதினால், சிற்பங்களில் இருந்த விரிசலைச் சரிசெய்தார்கள் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மீட்டெடு’ என்பதை எல்லா இடத்திலும் போட முடியாது. மீட்பது என்றால், வேறொருவர் பிடியிலிருந்தோ ஆபத்திலிருந்தோ வெளியே கொண்டுவருவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், கடத்தப்பட்டவரை மீட்கிறார்கள், கிணற்றில் விழுந்தவரை மீட்கிறார்கள். ஆகவே தொலைந்த தரவுக்கும் இழந்த உரிமைக்கும் ‘மீட்டெடு’ அழகாகப் பொருந்தும். ‘பழைய ஓவியத்தை மீட்டெடுத்தனர்’ என்று எழுதினால் மட்டும், திருடுபோன ஓவியத்தைக் காவல்துறை கண்டுபிடித்தது என்றே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். அங்கே ‘ஓவியத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர்’ என்றோ, ‘சிதையாமல் செப்பனிட்டனர்’ என்றோ எழுதுவதே தெளிவு. ‘புதுப்பி’ என்பதிலும் இதுபோன்ற இடர் உண்டு. உள்ளே ‘புது’ இருப்பதால், பழமையைக் காப்பதே நோக்கம் என்பது அடிபட்டுப் போகிறது. மென்பொருள்களில் வழங்கும் ‘மீட்டமை’ நல்ல ஆக்கம்தான் என்றாலும், அது ரீசெட் என்பதற்கும் சேர்த்து வழங்குவதால், முன்பு சொன்ன ஐஃபோன் குழப்பம் தமிழிலும் அப்படியே தொடர்கிறது. பொத்தானில் ‘நகலிலிருந்து தரவை மீட்டெடு’, ‘அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்’ என்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

இடத்துக்கேற்பச் சொல்லை மாற்றுவது நமக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் 1611இல் வெளிவந்த விவிலியத்தில் ரெஸ்டோர் என்ற ஒரே வினை வரும் நான்கு இடங்களை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் விவிலியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கீதம் 23இல் ஆத்துமாவைப் பற்றி வருமிடத்தில் ‘தேற்றி’ என்றும், மாற்கு நற்செய்தியில் சூம்பிய கை குணமானபோது ‘சொஸ்தமாயிற்று’ என்றும், அநியாயமாக வாங்கியதை வரி வசூலிப்பவரான சகேயு திருப்பித் தருவதாகச் சொல்லும்போது ‘திரும்பச் செலுத்துகிறேன்’ என்றும், அப்போஸ்தலர் நடபடிகளில் அரசாட்சியைப் பற்றிக் கேட்கும்போது ‘திரும்பக் கொடுப்பீர்’ என்றும் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்துத்தான் செய்தார்கள், ஆங்கிலத்தைப் பார்த்தல்ல; ஆயினும் உள்ளத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று தமிழ் இயல்பாகவே பிரித்துக்கொள்வதை இதில் காணலாம். உடல்நலத்துக்கு இன்றைக்கும் ‘தேறு’ என்பதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை. அவர் உடம்பு தேறிவிட்டது என்கிறோம். மீட்டமைக்கப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

செய்தித்தாள் தமிழ் இன்னொரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கலவரத்துக்குப் பிறகு ஒழுங்கு ரெஸ்டோர் செய்யப்பட்டது என்று ஆங்கிலம் செயப்பாட்டு வினையில் சொல்வதைத் தமிழ்ச் செய்தியாளர் ‘அமைதி திரும்பியது’, ‘இயல்பு நிலை திரும்பியது’ என்று எழுதுகிறார். மின்சாரத்துக்கு ‘மின்விநியோகம் சீரானது’ என்றும், பார்வைக்குப் ‘பார்வை திரும்பியது’ என்றும், கண்டெடுத்த பணப்பைக்கு ‘உரியவரிடம் ஒப்படைத்தனர்’ என்றும் வரும். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடங்களில், நிலையையே எழுவாயாக்கித் தன்வினையில் முடிப்பது தமிழுக்கு இயல்பான அமைப்பு. ‘அமைதி மீட்டமைக்கப்பட்டது’ என்று இறுக்கி எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த இயல்பே, நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பிழைக்கும் காரணமாகிறது. தமிழில் மீண்டது, மீட்டார் என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருக்கின்றன. ரெஸ்டோர் என்பது பொதுவழக்கில் பிறவினையாக மட்டுமே வரும். அதற்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். ஆகவே ‘த நெட்வொர்க் ரெஸ்டோர்ட்’ என்று எழுதுவது பிழை. ‘த நெட்வொர்க் வாஸ் ரெஸ்டோர்ட்’ என்று செயப்பாட்டு வினையாக்க வேண்டும், அல்லது ‘கேம் பேக்’ என்று வேறு வினைக்கு மாற வேண்டும். ஒருவர் உடல்நலம் பெற்றதைச் சொல்லும்போது ‘ஹீ ரெஸ்டோர்ட்’ என்பதும் பிழைதான்; ‘ஹீ ரெக்கவர்ட்’ என்பதே வழக்கு. எந்த நிலைக்கு, யாருக்கு என்பதைச் சொல்ல ‘டு’ என்ற முன்னிடைச்சொல் போதும்: ரெஸ்டோர்ட் டு ஹெல்த், ரெஸ்டோர்ட் டு பவர், ரெஸ்டோர்ட் டு இட்ஸ் ஓனர். அரியணைக்கும் பதவிக்கும்கூட இதுவே வரும். பணியிலிருந்து நீக்கப்பட்ட ஊழியரை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கு மட்டும் ரீஇன்ஸ்டேட் என்பது அலுவலக வழக்கில் முந்திக்கொள்கிறது.

‘ரெஸ்டோர் பேக்’ என்று சேர்த்து எழுதுவதும் பரவலாகக் காணப்படுகிறது. திரும்ப என்ற பொருள் வினைக்குள்ளேயே இருப்பதால் ‘பேக்’ மிகை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன 1611ஆம் ஆண்டு விவிலியத்தில், அரசாட்சியைப் பற்றிய அதே வசனத்தில், ‘ரெஸ்டோர் அகேன்’ என்று இருப்பதை யாராவது எடுத்துக்காட்டக்கூடும். நானூறு ஆண்டுக்கு முந்தைய நடையில் அதற்கு இடமிருந்தது; இன்றைய திருத்துநர் அந்த ‘அகேன்’ மீது கோடு போட்டுவிடுவார்.